மின்ட் 22ல் எக்ஸ்பியும் விண்டோஸ் 10ம்: கர்னல் மாறினதும் விர்ச்சுவல்பாக்ஸ் எழுந்திருக்கவே மாட்டேங்குது

#1 · திருப்பாப்புலியூர் அச்சு

அச்சகத்துக் கம்ப்யூட்டர். இன்டெல் ஐ5 எட்டாம் தலைமுறை, 6 கோர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, லினக்ஸ் மின்ட் 22. விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு மெய்நிகர் கம்ப்யூட்டரை ஓட்டற மென்பொருள்) ரெண்டு மெஷின் இருக்கு. ஒண்ணு விண்டோஸ் எக்ஸ்பி: பேஜ்மேக்கர் 7, பாமினி எழுத்துரு, பழைய கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் ஃபைல் எல்லாம் அதில்தான் திறக்கும். இன்னொண்ணு விண்டோஸ் 10: டேலி, ஜிஎஸ்டி கையெழுத்து டோக்கன்.

அப்டேட்டில் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 6.8லிருந்து 6.14க்குப் போயிடுச்சு. இப்ப எதை ஸ்டார்ட் பண்ணினாலும் "கர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு", எர்ரர் எண் ஆர்சி மைனஸ் 1908. இதைச் சரி பண்றதா, கேவிஎம்முக்கு (இதே வேலையைச் செய்யற, லினக்ஸோட வர்ற வசதி) மாறிடறதா? மாறினா ரெண்டு மெஷினையும் புதுசா போடாம அப்படியே தூக்கிட்டுப் போக முடியுமா?

#2 · தட்டாஞ்சாவடி

முதல்ல இன்னைக்கு வேலை நிக்காம இருக்க வழி: ரீஸ்டார்ட் பண்ணி கிரப் மெனுவில் (எந்தக் கர்னலில் பூட் ஆகணும்னு கேட்கிற மெனு) "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய் 6.8 கர்னலையே எடுங்க. மெனு வரலைன்னா பூட் ஆகும்போது எஸ்கேப் கீ. பழைய கர்னலை அழிக்காம இருந்தா ரெண்டு மெஷினும் ஓடும்.

அப்புறம் மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. (கட்டளைகளை இங்க தமிழ் எழுத்தில் எழுதறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் அடிக்கணும்.) "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" (டிகேஎம்எஸ்னா ஒவ்வொரு கர்னலுக்கும் டிரைவர் மாட்யூலைக் கட்டித் தர்ற கருவி) கொடுத்தா 6.14க்கு நேரா என்ன வருது? "மோக்யூடில்" கட்டளையை எஸ்பி-ஸ்டேட் ஆப்ஷனோட கொடுத்தா செக்யூர் பூட் (கையொப்பச் சாவி இல்லாத டிரைவரைத் தடுக்கற வசதி) ஆன்னா ஆஃபா? "மோட்ப்ரோப் விபாக்ஸ்டிஆர்வி"யை (விர்ச்சுவல்பாக்ஸ் டிரைவரை ஏத்தற கட்டளை) சூடோவோட, அதாவது நிர்வாகி அனுமதியோட கொடுத்தா என்ன சொல்லுது?

#3 · திருப்பாப்புலியூர் அச்சு

6.8ல் ஓடுது, நன்றிங்க. டிகேஎம்எஸ்ஸில் 6.8க்கு "இன்ஸ்டால்டு"ன்னு இருக்கு, 6.14 பேரே இல்லை. செக்யூர் பூட் ஆன். 6.14ல் போய் மோட்ப்ரோப் கொடுத்தா மாட்யூல் கிடைக்கலைங்குது.

#4 · தட்டாஞ்சாவடி

அப்ப செக்யூர் பூட் குற்றவாளி இல்லை. சாவி பிரச்சினைன்னா மாட்யூல் இருக்கும், "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்"னு திட்டும். உங்களுக்கு மாட்யூலே உருவாகலை. விர்ச்சுவல்பாக்ஸ் தன் டிரைவரை ஒவ்வொரு கர்னலுக்கும் தனித்தனியா கம்பைல் பண்ணிக்கும். அதுக்கு அந்தக் கர்னலோட ஹெடர் பேக்கேஜ் வேணும். 6.14 இமேஜ் மட்டும் வந்து ஹெடர் வராம நின்னிருக்கு. "லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-24.04" பேக்கேஜைப் போடுங்க. போட்டதும் டிகேஎம்எஸ் தானா ஓடும், ஓடலைன்னா சூடோவோட "டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்". கம்பைல் பாதியில் செத்தா உங்க விர்ச்சுவல்பாக்ஸ் 6.14ஐ விடப் பழசுன்னு அர்த்தம். புது வெர்ஷன்தான் வழி.

பின்னாடி யாராவது "கீ ரிஜெக்டட்" வந்து இந்த இழையைப் படிச்சா: மோக்யூடில் இம்போர்ட் கொடுத்து (சாவியைப் பதியறதுக்கு) ஒரு பாஸ்வேர்டு வைக்கணும். அடுத்த பூட்டில் நீலத் திரை வரும், 10 நொடிக்குள்ள ஒரு கீயைத் தட்டலைன்னா அதுபாட்டுக்குப் போயிடும். அங்க "என்ரோல் மோக்", "கன்டினியூ", "யெஸ்", அதே பாஸ்வேர்டு. பத்துக்கு எட்டு பேர் அந்த நீலத் திரையை விட்டுட்டு வந்துதான் கேள்வி கேட்கறாங்க.

ஹெடரைப் போட்டதும் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. கர்னல் 6.12லிருந்து கேவிஎம் மாட்யூல் ஏறின உடனேயே பிராசஸரின் விடி-எக்ஸை (மெய்நிகர் மெஷின் ஓட்டறதுக்கான வசதி) கையில் எடுத்துக்குது. முன்னெல்லாம் ஏதாவது மெஷின் ஓடினாதான் எடுக்கும். அதனால விர்ச்சுவல்பாக்ஸ் "விஎம்எக்ஸ் ரூட் மோட்"னு ஒரு எர்ரர் கொடுத்து நிக்கலாம். தற்காலிகத்துக்கு "மோட்ப்ரோப்" மைனஸ் ஆர் "கேவிஎம்_இன்டெல்". நிரந்தரத்துக்கு கிரப்பின் கர்னல் வரியில் "கேவிஎம்.எனேபிள்_வர்ட்_அட்_லோட்=0" சேர்த்து அப்டேட்-கிரப்.

#5 · கெடிலக்கரை

ஒரு அப்டேட்டுக்கு இத்தனை வேலை. தொழில் நடக்கிற மெஷின்னா இதுக்கு மேல விர்ச்சுவல்பாக்ஸைக் கட்டிக்கிட்டு அழவேண்டாம்னு சொல்லுவேன். கேவிஎம் 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20லிருந்தே கர்னலுக்குள்ள இருக்கு. கர்னல் மாறினா அதுவும் கூடவே மாறும். ஹெடர் வேண்டாம், கம்பைல் வேண்டாம், சாவியும் வேண்டாம்.

போடறது: க்யூஎமு-சிஸ்டம்-எக்ஸ்86 (மெஷினை ஓட்டறது), லிப்வர்ட்-டீமன்-சிஸ்டம் (நிர்வகிக்கறது), வர்ட்-மேனேஜர் (அதுக்கான திரை) இந்த மூணும் போதும். விண்டோஸ் 11 போடற எண்ணம் இருந்தா ஓவிஎம்எஃப் (யூஇஎஃப்ஐ பூட்டுக்கு), எஸ்டபிள்யூடிபிஎம் (மெய்நிகர் டிபிஎம் பாதுகாப்புச் சிப்புக்கு) ரெண்டும் சேர்த்துக்கங்க. உங்க யூசரை "லிப்வர்ட்" குரூப்பில் சேர்த்து லாக்-அவுட் பண்ணி உள்ள வாங்க. வெறும் டெர்மினலை மூடித் திறந்தா குரூப் ஒட்டாது. "சிபியு-செக்கர்" போட்டு "கேவிஎம்-ஓகே" கொடுத்தா ஒரு வரியில் பதில் வரும். "பயாஸில் முடக்கப்பட்டிருக்கு"ன்னு வந்தா இன்டெல் போர்டில் "இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி", ஏஎம்டியில் "எஸ்விஎம் மோட்". ஆன் பண்ணிட்டு ரீஸ்டார்ட் மட்டும் போதாத போர்டும் உண்டு, பிளக்கைப் பிடுங்கி அரை நிமிஷம் கழிச்சுச் சொருகுங்க. உங்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் ஏற்கனவே ஓடினதால இது ஆன்லதான் இருக்கும்.

டிஸ்க் ஃபைலை ஹோம் போல்டரில் வைக்காதீங்க. உபுண்டு 21.04லிருந்து ஹோம் போல்டர் மத்த யூசருக்குப் பூட்டு. க்யூஎமு ஓடறது "லிப்வர்ட்-க்யூஎமு"ங்கற தனி யூசரா. "பெர்மிஷன் டினைடு"ன்னு வரும், உடனே எல்லாரும் 777 (யாருக்கும் எல்லா அனுமதியும்) போடுவாங்க. வேண்டாம். வார், லிப், லிப்வர்ட், இமேஜஸ்னு அதுக்கே ஒரு போல்டர் இருக்கு. ரூட் பார்ட்டிஷன் சின்னதா இருந்தா வர்ட்-மேனேஜரில் ஸ்டோரேஜ் பூலா வேற இடத்தைக் காட்டுங்க.

#6 · வில்லியனூர் லேப்

கெடிலக்கரை அண்ணே, எல்லாருக்கும் ஒரே மருந்து எழுதாதீங்க. 20 பசங்க இருக்கிற லேபில், பாதி பேர் வீட்டில் விண்டோஸ் லேப்டாப். ஒரே ஓவிஏ ஃபைலை (முழு மெஷினையும் அடக்கினது) கொடுத்தா ரெண்டு பக்கமும் திறக்கிறது விர்ச்சுவல்பாக்ஸ்தான். இன்னொண்ணு வைஃபை. விர்ச்சுவல்பாக்ஸில் வைஃபை மேல பிரிட்ஜ் (மெய்நிகர் மெஷினை நேரா அதே நெட்வொர்க்கில் சேர்க்கறது) போட்டா பெரும்பாலும் ஓடுது, கேவிஎம்மில் அது நடக்காது.

#7 · கெடிலக்கரை

லேபுக்கு நீங்க சொல்றது சரி, அச்சகத்துக்குத்தான் நான் சொன்னது.

வைஃபை விஷயம் ஏன்னு சொல்லிடறேன், நிறைய பேர் இதில் ஒரு ராத்திரியைத் தொலைக்கறாங்க. ஆக்சஸ் பாயின்ட் தன்னோட பதிவு செஞ்ச மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வர்ற ஃபிரேமை மட்டும்தான் வாங்கும். மெய்நிகர் மெஷினுக்கு வேற மேக், அதனால வாசல்லயே தள்ளிடும். விர்ச்சுவல்பாக்ஸ் வெளிய போற ஃபிரேமில் மேக்கை மாத்தி எழுதி ஏமாத்துது. லினக்ஸ் பிரிட்ஜ் அப்படிச் செய்யாது. கேவிஎம்மில் வைஃபைன்னா முன்கூட்டியே இருக்கிற 192.168.122 நாட் நெட்வொர்க்தான். அதில் உள்ளேயிருந்து இன்டர்நெட் போகும், வெளியேயிருந்து உள்ள யாரும் வர முடியாது. பக்கத்து மேஜை கம்ப்யூட்டர் டேலியைப் பார்க்கணும்னா கேபிள் இழுத்து பிரிட்ஜ். மேக்விடேப் (பிரிட்ஜ் அமைக்காம நேரா நெட்வொர்க் கார்டோட இணைக்கற முறை) போட்டா பக்கத்து மேஜை பார்க்கும், ஆனா அந்த லினக்ஸ் மெஷினும் அதுக்குள்ள இருக்கிற விண்டோஸும் ஒண்ணையொண்ணு பார்க்காது. அது பழுதில்லை, அதன் அமைப்பே அப்படி.

#8 · தட்டாஞ்சாவடி

அச்சு சார், மாத்தறதுன்னு முடிவு பண்ணினா பழைய விர்ச்சுவல்பாக்ஸ் ஓடும்போதே (6.8ல்) செய்யவேண்டிய வேலை இருக்கு.

ரெண்டு விண்டோஸிலும் கெஸ்ட் அடிஷன்ஸை (விர்ச்சுவல்பாக்ஸுக்காக உள்ள போட்ட டிரைவர்கள்) கழட்டுங்க. ஸ்நாப்ஷாட் (இடையில் சேமிச்ச நிலைமை) இருந்தா எல்லாத்தையும் டெலீட் பண்ணி ஒரே டிஸ்க்கா சேர்த்துடுங்க, இல்லைன்னா விடிஐ ஃபைலில் (விர்ச்சுவல்பாக்ஸின் டிஸ்க் ஃபைல்) பழைய நிலைமைதான் இருக்கும். "விண்டோஸ் 10ல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்"பை நிறுத்தி முழு ஷட்-டவுன். டேலி உரிமத்தை சரண்டர் பண்ணிடுங்க. புது மெஷினில் அதுக்கு வன்பொருள் மாறின மாதிரி தெரியும். எக்ஸ்பிக்கு "மெர்ஜ்ஐடிஇ" ரெஜிஸ்ட்ரி ஃபைலை (மத்த ஐடிஇ டிஸ்க் சிப்புகளையும் எக்ஸ்பிக்கு அறிமுகப்படுத்தறது) இப்பவே உள்ள ஓடவிடுங்க. விர்ச்சுவல்பாக்ஸ் கொடுக்கிற ஐடிஇ சிப் வேற, க்யூஎமு கொடுக்கறது வேற. எக்ஸ்பிக்கு அடையாளம் தெரியாம 7பி நீலத் திரை போடும்.

பிறகு "க்யூஎமு-இமேஜ் கன்வர்ட்", மூலம் விடிஐ, இலக்கு க்யூகவ்2 (க்யூஎமுவின் டிஸ்க் ஃபைல் வகை). மூல ஃபைலைத் தொடாது, அதனால தைரியமா செய்யலாம். ரெண்டுக்கும் இடம் இருக்கான்னு மட்டும் பாருங்க.

வர்ட்-மேனேஜரில் "இம்போர்ட் எக்ஸிஸ்டிங் டிஸ்க்" எடுத்து, ஓஎஸ் எதுன்னு சரியா சொல்லுங்க. சும்மா "ஜெனரிக்"னு விட்டா விண்டோஸுக்கான ஹைப்பர்-வி வசதிகளையும் கடிகாரத்தையும் சேர்க்காது, மெஷின் இழுக்கும். "கஸ்டமைஸ் பிஃபோர் இன்ஸ்டால்" டிக் அடிச்சு உள்ள போங்க. எக்ஸ்பிக்கு சிப்செட் ஐ440எஃப்எக்ஸ், பயாஸ், டிஸ்க் ஐடிஇ, நெட்வொர்க் கார்டு ஆர்டிஎல்8139, 1 சிபியு, 1 ஜிபி ராம். க்யூ35 எடுத்தா சாட்டா ஏஎச்சிஐ வரும், எக்ஸ்பியில் அதுக்கு டிரைவர் கிடையாது. விண்டோஸ் 10க்கு க்யூ35, டிஸ்க் முதலில் சாட்டா, 6 ஜிபி ராம். விர்ச்சுவல்பாக்ஸில் இஎஃப்ஐ டிக் இருந்ததான்னு பாருங்க. இருந்திருந்தா இங்கயும் யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலா வந்த பூட் முறை), இல்லாட்டி பயாஸ். இது மாறினா கறுப்புத் திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்".

#9 · திருப்பாப்புலியூர் அச்சு

மறுநாள் நிலவரம். எக்ஸ்பி வந்துடுச்சு, பேஜ்மேக்கரும் பாமினியும் அப்படியே இருக்கு. விண்டோஸ் 10ம் வந்துது, ஆனா ரொம்ப மெதுவு. 4 சிபியு கொடுத்திருக்கேன், டாஸ்க் மேனேஜரில் 2தான் காட்டுது. வர்ட்ஐஓ (மெய்நிகர் மெஷினுக்குன்னே இருக்கிற டிஸ்க், நெட்வொர்க் முறை) வேகம்னு படிச்சு டிஸ்க்கை சாட்டாவிலிருந்து வர்ட்ஐஓவுக்கு மாத்தினேன், "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்". திரும்ப சாட்டாவுக்கே வந்துட்டேன்.

#10 · கெடிலக்கரை

ரெண்டும் பேர்போன தடுக்கல்தான்.

சிபியு: லிப்வர்ட் சும்மா 4ன்னு சொன்னா 4 தனித்தனி சாக்கெட்டா காட்டும். விண்டோஸ் 10 ப்ரோ 2 சாக்கெட்டுக்கு மேல தொடாது, ஹோம் எடிஷன்னா 1தான். "டோபாலஜி"யை மேனுவலா வச்சு சாக்கெட் 1, கோர் 4, த்ரெட் 1. சிபியு மாடல் "ஹோஸ்ட்-பாஸ்த்ரூ". உங்க 6 கோரில் 4க்கு மேல கொடுக்காதீங்க, அடியில் இருக்கிற லினக்ஸும் மூச்சு விடணும்.

டிஸ்க்: விண்டோஸுக்குள்ள வர்ட்ஐஓ டிரைவர் இல்லாம பஸ்ஸை மாத்தினா அது பூட் டிஸ்க்கையே பார்க்காது. சாட்டாவிலேயே பூட் பண்ணுங்க. "வர்ட்ஐஓ-வின்" ஐஎஸ்ஓவை சிடியா மாட்டி உள்ள இருக்கிற கெஸ்ட் டூல்ஸ் இன்ஸ்டாலரை ஓட்டுங்க. ஷட்-டவுன். இப்ப 1 ஜிபியில் ஒரு வெத்து டிஸ்க்கை வர்ட்ஐஓ பஸ்ஸில் சேர்த்துப் பூட் பண்ணுங்க. டிவைஸ் மேனேஜரில் "ரெட் ஹேட் வர்ட்ஐஓ" டிஸ்க் தெரிஞ்சா டிரைவர் பூட் வரிசையில் ஏறிடுச்சு. திரும்ப ஷட்-டவுன், வெத்து டிஸ்க்கை எடுத்துட்டு மெயின் டிஸ்க்கை வர்ட்ஐஓவா மாத்துங்க, பூட் ஆர்டரில் டிக் இருக்கான்னு பார்த்துக்கங்க. நெட்வொர்க் கார்டையும் இ1000இலிருந்து வர்ட்ஐஓ ஆக்கிடலாம். எக்ஸ்பியில் இந்த வித்தையெல்லாம் வேண்டாம், பேஜ்மேக்கருக்கு ஐடிஇ தாராளம்.

#11 · திருப்பாப்புலியூர் அச்சு

அருமைங்க, 4 கோரும் வந்துது, டேலி சட்டுனு திறக்குது. அடுத்து டோக்கன். சொருகினா லினக்ஸில் தெரியுது, விண்டோஸுக்குள்ள சிலசமயம் வருது சிலசமயம் இல்லை.

#12 · முத்தியால்பேட்டை கணக்கு

முதல்ல டோக்கன் வேணுமான்னு பாருங்க. சொந்தப் பேரில் பதிவான கடைன்னா ஜிஎஸ்டி ரிட்டர்னை ஓடிபியிலேயே முடிச்சுடலாம். கம்பெனி, எல்எல்பின்னாதான் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம்.

கட்டாயம்னா: "ஆட் ஹார்டுவேர்", "யுஎஸ்பி ஹோஸ்ட் டிவைஸ்", பட்டியலில் டோக்கன் பேரைத் தேர்ந்தெடுங்க. ஈபாஸ் 2003 மாதிரி டோக்கனை ஹோஸ்டில் (அடியில் இருக்கிற லினக்ஸில்) ஓடற "பிசிஎஸ்சிடி" ஸ்மார்ட் கார்டு சர்வீஸ் முந்திக்கிட்டுப் பிடிச்சுக்கும், அதனாலதான் வருது போகுது. லினக்ஸில் டோக்கன் வேலை ஒண்ணும் இல்லைன்னா சிஸ்டம்சிடிஎல்லில் பிசிஎஸ்சிடி சர்வீஸ், அதன் சாக்கெட் (கேட்டதும் சர்வீஸை எழுப்பற யூனிட்) ரெண்டையும் டிசேபிள் பண்ணுங்க. சாக்கெட்டை விட்டுட்டா தட்டி எழுப்பிக்கும். டோக்கன் டிரைவர், எம்சைனர் (போர்ட்டலுக்குக் கையெழுத்துப் போட்டுத் தர்ற மென்பொருள்), பிரவுசர் மூணும் அந்த விண்டோஸுக்குள்ளயே இருக்கணும். லினக்ஸ் பிரவுசரில் போர்ட்டலைத் திறந்து உள்ள இருக்கிற எம்சைனரைத் தேடினா கிடைக்காது, அது தன் மெஷினோட மட்டும்தான் பேசும்.

#13 · தட்டாஞ்சாவடி

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8லேயே பாதுகாப்பு அப்டேட் நின்னுபோச்சு, அதுக்கு இன்டர்நெட் கொடுக்கவே கூடாது. வர்ட்-மேனேஜரில் கனெக்‌ஷன் டீடெய்ல்ஸ், விர்ச்சுவல் நெட்வொர்க்ஸ், புதுசா ஒண்ணு, மோட் "ஐசொலேட்டட்". 192.168.100ன்னு அதுவே ஒரு எண் கொடுக்கும். எக்ஸ்பியின் கார்டை அதில் மாட்டுங்க. ஹோஸ்டோட பேசும், வெளிய போகாது.

விண்டோஸ் 10க்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிஞ்சுது. உங்க எட்டாம் தலைமுறை பிராசஸர் 11க்கு ஏற்றதுதான். ஆனா பயாஸில் போட்ட 10ஐ அப்படியே ஏத்த முடியாது: டிஸ்க்கை ஜிபிடி (யூஇஎஃப்ஐக்கான பார்ட்டிஷன் முறை) ஆக்கணும், யூஇஎஃப்ஐ, மெய்நிகர் டிபிஎம் 2.0, 64 ஜிபி டிஸ்க் எல்லாம் வேணும். புதுசா ஒரு 11 போட்டு டேலி டேட்டாவை மட்டும் மாத்தறது குறைஞ்ச வலி.

#14 · திருப்பாப்புலியூர் அச்சு

ஐசொலேட்டட்ல எக்ஸ்பியிலிருந்து ஃபைலை எப்படி வெளிய எடுக்கறது? சம்பா (லினக்ஸ் போல்டரை விண்டோஸுக்குப் பகிரற மென்பொருள்) ஷேர் வச்சேன், எக்ஸ்பி பார்க்க மாட்டேங்குது. அச்சுப் பிளேட் போடறதுக்கு பிடிஎஃப் கொடுக்கணும்.

#15 · கெடிலக்கரை

எக்ஸ்பிக்கு எஸ்எம்பி1 (பழைய ஃபைல் பகிர்வு முறை) மட்டும்தான் தெரியும். சம்பா 4.11லிருந்து (2019) அதை முன்கூட்டியே அணைச்சு வைக்குது. எஸ்எம்பி கான்ஃப் ஃபைலில் "சர்வர் மின் ப்ரோட்டோகால் = என்டி1" போட்டா வரும். லாகின் மறுத்தா எக்ஸ்பியிலேயே என்டிஎல்எம் வெர்ஷன் 2ஐ ஆன் பண்ணுங்க. லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் லான் மேனேஜர் ஆதென்டிகேஷன் லெவல். எஸ்எம்பி1 ஓட்டை நிறைஞ்சது, அதனால "ஹோஸ்ட்ஸ் அலவ் = 127. 192.168.100."னு கட்டிப்போடுங்க, அச்சகத்து வைஃபைக்கு அது தெரியவே வேண்டாம்.

பிடிஎஃப்புக்கு எக்ஸ்பியில் டிஸ்டில்லர் (பிடிஎஃப் ஆக்கற மென்பொருள்) தேட வேண்டாம். ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டர் டிரைவரை "ஃபைல்" போர்ட்டில் போடுங்க. பேஜ்மேக்கரிலிருந்து அதுக்கு பிரின்ட் கொடுத்தா ஒரு பிஆர்என் ஃபைல் வரும். அதை ஷேரில் வச்சு லினக்ஸ் பக்கம் கோஸ்ட்ஸ்கிரிப்டின் "பிஎஸ்2பிடிஎஃப்", பிடிஎஃப்செட்டிங்ஸ் "ப்ரீபிரஸ்". பிரின்டர் ப்ராப்பர்ட்டியில் ட்ரூடைப் எழுத்தை பிரின்டர் எழுத்தா மாத்தாதேன்னு சொல்லணும், மறந்தா பாமினி போய் ஆங்கில எழுத்துக் குப்பையா வரும். முடிச்சதும் "பிடிஎஃப்ஃபான்ட்ஸ்" கட்டளையில் ஒவ்வொரு எழுத்துக்கும் எம்பெடட் "யெஸ்" இருக்கான்னு பார்த்துட்டு பிளேட்டுக்கு அனுப்புங்க.

#16 · குருசுக்குப்பம்

எல்லாம் சொன்னீங்க, கரன்ட்டை யாரும் சொல்லலை. நம்ம கரையில் ஐப்பசி, கார்த்திகை வந்தா தெரியும். 2011 டிசம்பர் 30 "தானே" புயல், 2024 நவம்பர் 30 "பெஞ்சல்" புயல், ரெண்டும் இங்கதான் கரையேறுச்சு.

டிஸ்க் கேஷ் "அன்சேஃப்"னு வேகத்துக்காக வைக்கச் சொல்லி எங்கயாவது படிச்சா காதில் வாங்காதீங்க. விண்டோஸ் "எழுதிடு"ன்னு கேட்கறதை அது எழுதாமலேயே "எழுதிட்டேன்"னு சொல்லும். கரன்ட் போனா டேலி டேட்டா கோவிந்தா. இருக்கிற டிஃபால்ட்டையே விடுங்க.

600 விஏ யுபிஎஸ்ஸில் இருக்கிறது 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, கணக்குக்கு 84 வாட்-அவர். 100 வாட் இழுத்தா புது பேட்டரியில் 20 நிமிஷம் கிடைச்சா பெரிசு. ஆள் இல்லாத நேரத்துக்கு யுஎஸ்பி டேட்டா போர்ட் இருக்கிற யுபிஎஸ்ஸா வாங்கி "நட்" (யுபிஎஸ் நிலையைப் பார்த்து லினக்ஸை அணைக்கற மென்பொருள்) போடுங்க, விலை குறைஞ்சதில் பலதுக்கு அந்தப் போர்ட் கிடையாது. லினக்ஸ் தானா அணையும்போது உள்ள இருக்கிறதும் ஒழுங்கா அணையணும். அதுக்கு லிப்வர்ட்-கெஸ்ட்ஸ் சர்வீஸ். இடிசி, டிஃபால்ட் போல்டரில் அதன் ஃபைலில் ஆன்_ஷட்டவுன் "ஷட்டவுன்", டைம்-அவுட் 300 நொடி. எக்ஸ்பி சிலசமயம் பவர் பட்டனை மதிக்காது: பவர் ஆப்ஷன்ஸில் பவர் பட்டனுக்கு "ஷட் டவுன்"னு வைங்க, "ஆஸ்க் மீ"ன்னு இருந்தா கேட்டுக்கிட்டே நிக்கும்.

#17 · வில்லியனூர் லேப்

பேக்கப்புக்கு ஸ்நாப்ஷாட் எடுத்தா போதுமா?

#18 · குருசுக்குப்பம்

போதாது தம்பி. ஸ்நாப்ஷாட் அதே ஃபைலுக்குள்ளயே உட்கார்ந்திருக்கு, எஸ்எஸ்டி போனா அதுவும் சேர்ந்து போகும். ஓடற மெஷினின் க்யூகவ்2வை காப்பி அடிக்கறதும் பேக்கப் இல்லை, பாதி எழுதின நிலைமை வரும். மெஷினை அணைச்சுட்டு "க்யூஎமு-இமேஜ் கன்வர்ட்" மைனஸ் சி ஆப்ஷனோட வெளி டிஸ்க்குக்கு எடுத்தா சுருங்கியும் வரும். வெளி டிஸ்க் ஃபேட்32ன்னா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட் இல்லைன்னா எக்ஸ்ட்4 ஆக்குங்க. மெஷினின் அமைப்பு தனி ஃபைல்: "விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல்" கொடுத்து அதையும் கூட வைங்க, இல்லைன்னா திரும்பப் போடும்போது டோபாலஜி, பயாஸ்னு முதலிலிருந்து தேடணும்.

கரன்ட் போய் வந்தப்புறம் மெஷின் எழலைன்னா முதல்ல அந்த ஃபைலை வேற இடத்துக்குக் காப்பி. அப்புறம்தான் "க்யூஎமு-இமேஜ் செக்". வெறும் "லீக்ஸ்"னு சொன்னா இடம் வீணாகுது, அவ்வளவுதான். "மைனஸ் ஆர் லீக்ஸ்" போதும். "கரப்ஷன்ஸ்"னு வந்தா "மைனஸ் ஆர் ஆல்"ஐ காப்பியில் மட்டும் ஓட்டுங்க, மூலத்தில் வேண்டாம்.

#19 · திருப்பாப்புலியூர் அச்சு

பிசிஎஸ்சிடி நிறுத்தினதும் டோக்கன் விட்டுப்போகாம நிலையா வருது. பிஎஸ்2பிடிஎஃப் வேலை செய்யுது, பாமினி எம்பெடட் "யெஸ்". ஒரே ஒரு சந்தேகம், விர்ச்சுவல்பாக்ஸைக் கழட்டிடலாமா?

#20 · தட்டாஞ்சாவடி

டேலி உரிமம் புது மெஷினில் ஆக்டிவேட் ஆகி, ஒரு மாச ரிட்டர்ன் போட்ட பிறகு கழட்டுங்க. ஆப்ட் பர்ஜ் (மென்பொருளைக் கழட்டற கட்டளை) விடிஐ ஃபைலை அழிக்காது, ஹோமில் "விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்" போல்டரில் கிடக்கும். அதை வெளி டிஸ்க்குக்கு நகர்த்திட்டு இடத்தை மீட்டுக்கங்க.